புரூனோவைக் காந்தலுக்குக் கொடுத்தது

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். துணி எதுவும் காயவில்லை. மனைவி சரோஜாவின் மணிக்கட்டில் கட்டு மாற்றினேன். மூன்று தையல். புரூனோ சாப்பிடும்போது தட்டை நகர்த்தினாள், அவ்வளவுதான், கடித்துவிட்டது. போன மாதம் பால்காரர் கால். அன்றும் சாப்பாட்டு நேரம்.

மகன் பெங்களூரிலிருந்து கொண்டுவந்து விட்ட அன்றே நாய் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. நாய் வளர்த்த அனுபவம் எங்கள் இருவருக்கும் பூஜ்யம்.

போனில் அவன்: "யாருக்காவது குடுத்துடுங்கப்பா."

ஜூன் 5, வியாழன்

ஊட்டி காந்தலிலிருந்து பிரான்சிஸ் என்று ஒருவர் பேசினார். வேன் டிரைவர். வீட்டுப் பக்கம் கரடி வருகிறதாம், காவலுக்கு நாய் வேண்டும். இதுவரை வளர்த்ததில்லை. ஞாயிறு வருகிறார்.

ஒப்படைப்புக் குறிப்பு எழுதினேன், ஆபீஸ் பழக்கம்:

1. காலை 7, மாலை 6. சோறு, கோழி. உப்பு கூடாது.
2. தடுப்பூசிச் சீட்டு இத்துடன்.
3. இடிக்குப் பயம். கட்டிலடியில் போய்விடும்.
4. மாதம் ஒரு குளியல், வெந்நீர்.
5. சாப்பிடும்போது கிட்டே போனால் கடிக்கும். இதுவரை இருவர்.

மாலை, அவருக்குக் கொடுக்க நல்ல பிரதி எழுதினேன். அதில் நான்கோடு நின்றுவிட்டது. நிற்கவில்லை, நிறுத்தினேன்.

முப்பத்தோரு வருடம் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவு. குறை இருந்தால் சிவப்புச் சீட்டு கட்டாமல் ஒரு பெட்டியும் என் மேஜையைத் தாண்டியதில்லை.

ஜூன் 8, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து நேராக வந்தார்கள். பிரான்சிஸ், மனைவி ஸ்டெல்லா, ஐந்து வயது மகள். குழந்தை உண்டா என்று நான் கேட்டிருக்கவில்லை.

ஸ்டெல்லா: "ஏனுங்க சார், கடிக்குமுங்களா?"

"நல்லா குரைக்கும்" என்றேன்.

சரோஜா ஸ்வெட்டர் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பிரான்சிஸ்: "குரைச்சா போதுங்க. எங்கூட்ல ஏற்கெனவே ஒண்ணு அந்த வேலையத்தான் பாக்குது."

ஸ்டெல்லா: "வேன்ல ஏறுங்க, ஊட்டுக்குப் போய் குரைக்கறேன்."

எல்லோரும் சிரித்தோம். நானும்.

ஜூன் 10, செவ்வாய்

மழை. கேஸ் சிலிண்டர் வந்தது. மாலை பிரான்சிஸ் போன்.

"மன்னிக்கோணுங்க சார். காலைல என் கையக் கடிச்சிருச்சுங்க. தப்பு நம்மளுதுதான். நீங்க எழுதிக் குடுத்த நேரத்துக்குத்தான் சோறு வச்சோம். எங்கியோ கோளாறு பண்ணிட்டோம் போல."

மன்னிப்பு அவர் கேட்கிறார்.

"ஊசி?"

"போட்டாச்சுங்க. பாப்பாகிட்ட நல்லா ஒட்டிக்கிச்சு. நாளைலிருந்து நாந்தான் சோறு வைப்பேன்னு ஒரே அடம்."

சொல்ல வாயெடுத்தேன். "பாத்துக்கோங்க" என்று வைத்துவிட்டேன். பிறகு வார மாத்திரைகளை டப்பாவில் நாள்வாரியாகப் பிரித்துப் போட்டேன். வியாழன் குழியில் இரண்டு தடவை போட்டிருக்கிறேன்.

ஜூன் 11, புதன்

காலை ஐந்தரைக்குப் போன் செய்தேன். நான் வரும்வரை பாப்பா நாய்கிட்டே போக வேண்டாம். ஏன் என்று கேட்டார். வந்து சொல்கிறேன் என்றேன். முதல் பஸ். நல்ல மூடுபனி.

வாசலில் நின்றே சொன்னேன். பால்காரர், சரோஜா, எழுதாமல் விட்டது.

ஸ்டெல்லா: "அன்னிக்குக் கேட்டமே சார். தெரிஞ்சேதான் குடுத்தீங்களா?"

"தெரிஞ்சுதாம்மா."

"விடு ஸ்டெல்லா, வயசானவரு" என்றார் பிரான்சிஸ். முழங்கைவரை கட்டு.

"நீங்க சும்மா இருங்க."

குழந்தையை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள். புரூனோவை அவிழ்த்துக் கொண்டுவந்தாள். சங்கிலியை என் கையில் கொடுக்கவில்லை. தரையில் போட்டாள். குனிந்து எடுத்துக்கொண்டேன்.