கரட்டு மேல இருந்து எடுத்த படம்

ராயபுரம்,
திருப்பூர்.

தேஜுக்கண்ணுக்கு அம்மா எழுதறது. அந்தக் குளுரு ஊருல நீ நோவு நொடியில்லாம இருக்கோணும்னு தெனமும் வெளக்குப் பத்த வெக்கறப்பக் கேட்டுக்கறேன். இங்க எனக்கும் அப்பாவுக்கும் ஒடம்புக்கு ஒண்ணுமில்ல, மத்தத எழுதத்தான் உக்காந்துருக்கறேன். வீடியோவுல மூஞ்சி பாத்துப் பேசறவ எதுக்குக் கடுதாசி எழுதறான்னு நீ நெனைப்ப. முன்னெல்லாம் உன்ற அப்பா ரெண்டு வார்த்தை பேசிப்போட்டு எந்திரிச்சுப் போயிருவாரு, இப்ப நான் உன்கூடப் பேசி முடிக்கற வரைக்கும் பக்கத்துலயே சேரப் போட்டு உக்காந்துக்கறாரு, நான் என்ன சொல்றேன்னு காது குடுத்துக் கேட்டுட்டே இருக்கறாரு. அதனாலதான் கூரியர்ல போடறேன். படிச்சுப்போட்டு அவசரப்பட்டு அவருக்குப் போன் பண்ணிராத.

மொதல்ல உன்ற படங்களப் பத்திச் சொல்லிப்போடறேன், இல்லீன்னா குத்தம் சொல்லத்தான் அம்மா பேனா எடுத்தான்னு ஆயிரும். உன்ற வெப்சைட்டுல போடற அகலப் படத்தையெல்லாம் நான் விடாமப் பாத்துட்டுத்தான் இருக்கறேன். ஆரம்பத்துல எனக்குப் பாக்கவே தெரியல, போன நட்டமாப் புடிச்சுட்டுப் பாத்தா பனியன் கழுத்துக்கு வெக்கற பட்டி மாதிரி சன்னமா ஒரு துண்டு தெரிஞ்சுது, இதுக்கா இந்தப் புள்ள மலை மலையா ஏறுதுன்னு நெனச்சேன். அப்பறம் நீ சொன்ன மாதிரி போனப் படுக்கப் போட்டு வெரல்ல நவுத்தி நவுத்திப் பாத்தேன், மொதல்ல மங்கலா வந்து, கட்டங்கட்டமாத் தெளிஞ்சு, ரெண்டு மலைக்கு நடுவுல கடல்தண்ணி பூந்து வர்ற எடம் வந்துச்சு பாரு, எனக்கு மூச்சே நின்னு போச்சு. மண்ணரையில இருக்கற நம்ம பனியன் யூனிட்டுல சாப்பாட்டு நேரத்துல எல்லாருக்கும் காட்டுனேன். செக்கிங் டேபிள்ல இருக்கற ராமுத்தாயி, அதான் அந்தச் சாத்தூர்ப் பக்கத்துக்காரி, போனத் திருப்புனா படமும் திரும்புதுன்னு தெரிஞ்சதும் கையில புடிச்சுட்டே ஒரு சுத்துச் சுத்தி துணி பண்டல் மேல போயி உழுந்தா. யக்கா, அம்புட்டு மலையும் நம்மளச் சுத்தி நிக்குதேன்னு சொல்லிச் சிரிச்சா. மத்த போட்டோவுல நீ எதக் காட்டறயோ அதத்தான் நாங்க பாக்க முடியும், இதுல எங்க பாக்கறதுங்கறது பாக்கறவங்க இஷ்டம். எனக்கு அதுதான் ரொம்பப் புடிச்சுது.

ஆனா நமக்கு எதப் பாத்தாலும் பனியன்ல பழுது தேடற செக்கிங் கண்ணு வந்துருமே கண்ணு. நெறைய போட்டோவ வரிசையா எடுத்து ஒட்டித்தான் ஒரே படமாக்கறேன்னு நீ சொன்னதுல இருந்து, தையல் எங்க வருதுன்னு தேடறதே எனக்குச் சோலியாப் போச்சு. அந்தப் பனி மலைப் படத்துல வானத்துல ஒரு எடத்துல நீலம் கொஞ்சம் கூடிப் போயி ஷேடு மாறுது, நேரா இருக்கற ரோடு வில்லு மாதிரி வளைஞ்சுருக்குது, செவப்புக் கோட்டுப் போட்ட ஒரு பொம்பளை ரெண்டு எடத்துல நிக்கறா. இதச் சொன்னப்ப நீ சிரிச்சுப்போட்டு, கேமராவத் திருப்பித் திருப்பி எடுக்கறப்ப அந்தப் பக்கமே நடந்து வந்தா ஒரே ஆளு ரெண்டு தடவை உழுந்துருவாங்கம்மான்னு சொன்ன. அந்தச் சமாச்சாரம் எனக்கு நல்லா மனசுல நின்னுருச்சு.

இப்ப விசயத்துக்கு வர்றேன். சித்திரை நோம்பிக்கு நீ வந்தப்ப நம்ம தோட்டத்துக்கு எதுக்கால இருக்கற பாறைக் கரட்டு மேல ஏறிப் படம் எடுத்தயே, அத நீ போன மாசம் வெப்சைட்டுல போட்டதும் எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா. கரண்ட் எடுக்கற காத்தாடி நிக்கறதும், தென்னந்தோப்பும், காங்கேயம் போற ரோட்டுல பஸ்ஸு ஊர்றதும், நம்ம ஓட்டு வீட்டு மேல காயற தேங்காப் பருப்பும், எல்லாம் கைக்கெட்டற தூரத்துல இருக்கற மாதிரி. வெரல ரெண்டா விரிச்சா விரிச்ச பக்கமெல்லாம் உள்ள போயிட்டே இருக்குது. ஊருல இருக்கறவங்க சுத்தியும் பாத்துக்கிட்டே பொழங்கற எடம்தான், ஆனா ஒரே மூச்சுல யாரும் பாத்ததில்ல. அத டிவில போட்டு ஒறம்பரை சனத்துக்கெல்லாம் காட்டுனேன். அப்பத்தான் நம்ம மேக்கால காட்டுல, தண்ணி வத்திப் போயிக் கெடக்கற பழைய கெணத்துகிட்ட, ஒரே ஆளு ரெண்டு எடத்துல நிக்கறது தெரிஞ்சுது. ஒண்ணு ஒரு டேங்கர் லாரி கிட்ட, இன்னொண்ணு நம்ம கேட்டுகிட்ட. லாரி நெல்லு மில்லுக்குத் தண்ணி கொண்டு போறதா இருக்கும்னு நான் கண்டுக்கல. எனக்குத் தையல்ல உழுந்த கோளாறுதான் பெருசாத் தெரிஞ்சுது. நீ சாயந்தரம் கூப்புடறப்பக் காட்டிச் சிரிக்கலாம்னு, யூனிட்டுல பீஸுல டேமேஜுக்கு ஒட்டற செவப்பு அம்பு ஸ்டிக்கர எடுத்து டிவில அந்த ஆளுக்கு நேரா ஒட்டி வெச்சேன், இன்னொண்ண கேட்டுகிட்ட நிக்கறவருக்கும் ஒட்டுனேன்.

உன்ற அப்பா வந்தாரு. படம் அழகா இருக்குதே பாப்பா எடுத்ததான்னு கேட்டுட்டே கிட்ட வந்தவரு, அந்த அம்பு எங்க காட்டுதுன்னு பாத்தாரு. அப்படியே நின்னுட்டாரு கண்ணு. ஏனுங்க என்னாச்சுன்னு கேட்டேன். நகத்துல சொரண்டி ரெண்டு ஸ்டிக்கரையும் எடுத்து உருட்டிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு டிவிய அணைச்சாரு. சோறு வேண்டாம்னுட்டாரு. கோளாறு தையல்ல இல்லீன்னு அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது. அவரு அந்தப் பக்கம் போனதும் போன எடுத்து, எவ்வளவு பெருசாகுமோ அவ்வளவு பெருசு பண்ணிப் பாத்தேன். மூஞ்சி தெரியல. ஆனா இடுப்புல ஒரு கைய வெச்சு ஒரு பக்கம் சாஞ்சு நிக்கற நிப்பு, கல்யாணம் ஆன நாளா நான் பாத்த நிப்பு. டேங்கர்ல இருந்து பெரிய ஓஸு ஒண்ணு கெணத்துக்குள்ள போகுது. கெணத்துச் செவுத்துல கத்திரிப்பூ நெறத்துல தண்ணி வழிஞ்சுருக்குது. நம்ம சேலைக்கு அந்தக் கலரு எவ்வளவு அழகா இருக்கும், அங்க பாத்ததும் அது சாயக் கழிவுத் தண்ணின்னு தெரிஞ்சு போச்சு. உன்னையக் கரட்டு அடிவாரத்துல எறக்கி உட்டுப்போட்டு, நான் தோட்டம் வரைக்கும் போயிட்டு வந்தர்றேன்னு போனாரே, அன்னைக்கு. உன்ற கேமரா அவ்வளவு தூரம் பாக்கும்னு அவரு கண்டாரா.

கேட்டேன். சண்டைதான். நம்ம யூனிட்டுக்கு வர்ற துணி பூராவும் அந்த லாரிய அனுப்புன சாயப்பட்டறையில இருந்துதான் வருதாம், கழிவுத் தண்ணிய முறையாச் சுத்தம் பண்ண அவங்களுக்குக் கட்டுபடி ஆகலையாம், கெணறு சும்மாதான கெடக்குதுன்னு கேட்டாங்களாம், வேண்டாம்னு சொன்னா ஆர்டர வேற யூனிட்டுக்குத் திருப்பிருவாங்களாம், டேபிள்ல இருக்கற பொம்பளைங்கெல்லாம் எங்க போவாங்கன்னு என்னையவே திருப்பிக் கேக்கறாரு. வத்துன கெணறு, யாருக்கும் ஒரு பாதகமும் இல்லீன்னு சொல்றப்ப என்ற மூஞ்சியப் பாக்கல. கெட்ட மனுசன் இல்ல கண்ணு, உனக்கே தெரியும், பயந்த மனுசன். அதுதான் எனக்கு இன்னும் பயமா இருக்குது.

பாதகமில்லீன்னு சொன்னாரேன்னு நானே தோட்டத்துக்குப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் நல்லாண்ணன் காடு, அவங்க போர் நம்ம கெணத்துக்கு ஒரு கூப்பிடு தூரந்தான். வாங்க அம்மிணின்னு கட்டில எடுத்துப் போட்டாரு. மாடு ரெண்டு சினை கலைஞ்சு போச்சுங்க, என்ன சீக்குன்னு டாக்டருக்கும் புரியலீங்கன்னு சொன்னாரு. போர்த் தண்ணி கொஞ்ச நாளா ஒரு மாதிரி வாடை அடிக்குதுங்க, மழை இல்லாததுக்கு அடிமண்ணு ஊறி வருதாட்ட இருக்குதுங்கன்னும் அவரே சொல்லிக்கிட்டாரு. அவரு மருமக ஜோதிகா முழுகாம இருக்கறா, நெற மாசம். சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தா. அவ கையெல்லாம் தடிப்புத் தடிப்பா இருக்குது. வாங்கி வெச்சுட்டு வாயில வெக்க முடியல எனக்கு, அவ எதுக்காலயே நின்னு அந்தச் சொம்புத் தண்ணியவே எடுத்து மடக்கு மடக்குன்னு குடிக்கறா. இந்தத் தண்ணி வேண்டாம் சாமி, கேன் தண்ணி வாங்கிக்கன்னு சொன்னேன். கேன் வண்டி எங்க ஊட்டுக்கு எங்கீங்க வருதுன்னு சிரிச்சா. காரணத்தச் சொல்லாம எந்திரிச்சு வந்துட்டேன். பஸ்ஸுல உக்காந்து அழுதேன்.

அதுக்கப்பறந்தான் ஆத்தப்பன் வந்தாரு, அந்தப் பட்டறைக்கு மேனேஜர். யூனிட்டுக்கு வந்து என்ற டேபிளுக்கு முன்னாடியே உக்காந்து டீ குடிச்சாரு. பாப்பா போட்ட படம் நானும் பாத்தனுங்க, ரொம்பத் தெளிவா இருக்குதுங்க, பெருசு பண்ணப் பண்ண வந்துட்டே இருக்குதுங்கன்னு சொன்னாரு. அத்தன மரியாதை. சிரிச்ச மூஞ்சி. பாப்பா எந்த ஊருல இருக்குதுங்க, தனியாவா இருக்குதுங்க, தீவாளிக்கு வருதுங்களா, எந்த பிளைட்டுன்னு சொல்லுங்க, ஏர்போர்ட்டுக்கு நம்ம வண்டியவே தாட்டியுடறனுங்கன்னு சொன்னாரு. வேண்டாமுங்கன்னு சொன்னதுக்கு, நம்ம பாப்பாதானுங்கன்னு சொல்லிப்போட்டு டீ டம்ளரக் கவுத்து வெச்சுட்டுப் போனாரு. ராமுத்தாயி கூட, யாருக்கா அந்த ஆளு, பாக்கவே நல்லால்லயேன்னு கேட்டா. அன்னைல இருந்து சாயந்தரமானா ஊட்டுக்கு எதுக்கால ஒரு பைக் நிக்குது, ஓட்டறவன் போனப் பாத்துட்டே உக்காந்துருக்கறான். யாருக்காகவோ காத்துட்டு இருப்பான்னு உன்ற அப்பா சொல்றாரு. சொல்லிப்போட்டு ஜன்னலச் சாத்தறாரு.

இனி நீ செய்ய வேண்டியதச் சொல்றேன். அப்பா உனக்குப் போன் பண்ணி அந்தப் படத்த எடுத்துரச் சொல்லுவாரு. மொதல்ல தோட்டத்துக்குத் திருஷ்டி பட்டுரும்பாரு, என்னையும் அப்படித்தான் சொல்லச் சொன்னாரு. நீ கேக்கலீன்னா அழுவாரு. சும்மா கொஞ்சம் மங்கலாக்கி உடு, அந்த மூலைய வெட்டி உடுன்னும் சொல்லுவாரு. எடுக்காத கண்ணு. மங்கலாக்காத, வெட்டாத, இருக்கற மாதிரியே இருக்கட்டும். பெரிய படத்த வேற எங்கயாவது ரெண்டு எடத்துல பத்திரம் பண்ணி வெய்யி. படத்துக்குக் கீழ யாராவது இது எந்த ஊரு எந்தக் கெணறுன்னு கேட்டா நீ பதில் எழுதாத. கேக்கறவங்க நல்லதுக்குத்தான் கேக்கறாங்களான்னு நமக்குத் தெரியாது.

நாளைக்குக் காலைல மொத பஸ்ஸுக்கு நான் நல்லாண்ணன் ஊட்டுக்குப் போறேன். அவருக்கும் அந்தப் புள்ள ஜோதிகாவுக்கும் படத்தக் காட்டப் போறேன், அவங்களே வெரல வெச்சுப் பெருசு பண்ணிப் பாக்கட்டும். எங்க மனு குடுக்கோணும்னாலும் கூடப் போயி நிக்கப் போறேன். லாரிகிட்ட நிக்கறது யாருன்னு அவங்க கேப்பாங்க. என்ற ஊட்டுக்காரருன்னு என்ற வாயாலயே சொல்லிப்போடுவேன். அதுக்கப்பறம் யூனிட்டு இருக்குமோ இருக்காதோ, உன்ற அப்பா என்கூடப் பேசுவாரோ மாட்டாரோ, எனக்குத் தெரியாது. இந்தக் கடுதாசி வந்து சேர்றதுக்குள்ள உனக்கு வேற மாதிரி சேதி வரும், அம்மாளுக்குப் புத்தி கெட்டுப் போச்சும்பாங்க. நெசம் என்னன்னு நீ என்ற கையெழுத்துலயே படிச்சுக்கோணும்னுதான் இவ்வளவும் எழுதுனேன். அப்பா மேல வன்மம் வெக்காத.

குளுருக்குக் காது மூடிக்க. தனியா மலைக்குப் போகாத, போனா யார்கிட்டயாவது சொல்லிப்போட்டுப் போ. நீ எங்க நின்னாலும் உன்னையச் சுத்தி நல்லதே நிக்கோணும், நூறு வருசம் சொகமா இருக்கோணும் என்ற தங்கம். தீவாளிக்கு டிக்கெட் போட்டுருந்தீன்னா ரத்து பண்ணிப்போடு. பொங்கலுக்கும் வேண்டாம். லீவுக்கு நீ வர்றப்ப உன்ற மூஞ்சிய நேருல பாக்கறதுக்குத்தான் நான் மத்த நாளெல்லாம் ஓட்டறது, இருந்தாலும் சொல்றேன், நானா வான்னு கூப்புடற வரைக்கும் ஊருக்கு வராத. அப்பா கூப்புட்டாலும் வராத.

உன்ற அம்மா,
ஞானாம்பாள் பொங்கியண்ணன்