சின்னவள் தோளில் ஓட்டை

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் பரீட்சை முடிந்துவிட்டதாக அம்மா சொன்னாள், அதனால் இனி உண்மையைச் சொல்லலாம். ஆறு வாரத்துக்கு முன்னால் சின்னவளுக்குக் கையில் சுளுக்கு என்று போனில் சொன்னேனே, அது பொய். தோளுக்குச் சற்றுக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. விழவும் இல்லை, யாரும் அடிக்கவும் இல்லை. பள்ளிக்கூட மைதானத்தில் எறிபந்தை ஓங்கி வீசியிருக்கிறாள், பந்து அந்தப் பக்கம் போனது, கை இந்தப் பக்கம் தொங்கிவிட்டது. அதற்கு இரண்டு மாதம் முன்னாலிருந்தே தோள் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். பாத்திரம் கழுவச் சொன்னால் வலிக்கிற தோள் பந்து எறியும்போது மட்டும் வலிக்காதோ என்று கேட்டவன் நான்தான். இதை நானே சொல்லிவிடுகிறேன், உன் அம்மா சொன்னால் இன்னும் நீளமாக இருக்கும்.

எக்ஸ்ரேயைப் பார்த்த எலும்பு டாக்டர் எலும்புக்குள்ளே நீர்க்கட்டி என்றார். கட்டி என்ற சொல் காதில் விழுந்த பிறகு அவர் பேசியது எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. உன் அம்மாதான் நிதானமாகக் கேட்டுக்கொண்டாள். புற்றுநோய் இல்லையாம். வளருகிற பிள்ளைகளுக்கு வருவதாம், ஏன் வருகிறது என்று அவர்களுக்கே சரியாகத் தெரியாதாம். உள்ளே நீர் கோத்துக்கொண்டு, சுற்றியிருக்கிற எலும்பு முட்டை ஓடு மாதிரி மெலிந்துபோகுமாம், முறிகிற வரைக்கும் பலருக்கு அது இருப்பதே தெரியாதாம். நம் பழைய கதவுக் கடையில் அவளைக் கதவு பிடிக்கச் சொன்னதால் வந்ததா என்று கேட்டேன், இல்லை என்றார். அந்த ஒரு பதிலுக்காகவே அவர் காலில் விழுந்திருப்பேன், அம்மா முறைத்ததால் விழவில்லை. முறிவு கூடும்போது சிலருக்கு எலும்புக்குள் இருக்கிற ஓட்டையும் தானாக அடைபடுமாம், கையைக் கழுத்திலிருந்து தொங்கப் போட்டு ஆறு வாரம் பார்ப்போம் என்றார். சும்மா இரு என்று சொல்ல ஒரு டாக்டரா என்று எனக்கு ஆத்திரம். ஒரே கடையில் விலை கேட்டு வாங்குகிற ஆளா நான். இன்னும் இரண்டு பேரிடம் போனேன், முந்தினவர் உடனே அறுக்கச் சொன்னார் என்று புளுகிக்கூடப் பார்த்தேன். மூன்று பேரும் பேசிவைத்த மாதிரி ஒரே பதில்.

இதற்குள் நான் செய்த கூத்தையும் கேள். பழைய கதவில் ஓட்டை இருந்தால் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து மேலே வர்ணம் அடிப்போம், கேட்டால் சொல்வோம், கேட்காவிட்டால் வாயைத் திறக்கமாட்டோம், உனக்குத் தெரியாததா. அதே பழக்கத்தில் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சின்னவள் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டாள் என்று சொல்லிவந்தேன். போன வாரம் தையல்கடை அம்மா இரட்டைக் கதவு ஒன்றைப் பார்த்து, பேரம் முடிகிற நேரம், பிள்ளைக்கு என்ன ஆச்சு என்றார். சைக்கிள் என்றேன். பக்கத்தில் பாடம் படித்துக்கொண்டிருந்தவள் தலையைக்கூட நிமிர்த்தாமல், சைக்கிளெல்லாம் இல்லை ஆன்ட்டி, எலும்பில் ஓட்டை, ஓட்டை இருந்தால் அப்பா சொல்லமாட்டார், அந்தக் கதவிலும் கீழ் மூலையில் இருக்கு பாருங்க என்றாள். அந்த அம்மா குனிந்து விரல் முட்டியால் தட்டினார், டொக்கு என்றது. கதவு இன்னும் கடையில்தான் நிற்கிறது. வீட்டுக்கு வந்து ஏன்டி இப்படி மானத்தை வாங்கினாய் என்றால், நான் என்ன விற்கிற சாமானா மறைத்து வைக்க என்று கேட்டாள். அடுப்படியில் உன் அம்மா சிரித்த சத்தம் கேட்டது.

நேற்று மறுபடி எக்ஸ்ரே. முறிவு கூடிவிட்டது, ஓட்டை முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. வருகிற புதன்கிழமை மயக்கம் கொடுத்து, ஊசியால் அந்த நீரை உறிஞ்சிவிட்டு மருந்து ஏற்றுவார்கள். ஒரு தடவை போதாமல் இரண்டு மூன்று தடவை ஆகலாம், அதற்கும் மசியாவிட்டால் சுரண்டி எடுத்து எலும்புத் துண்டுகளை வைத்து நிரப்புவார்களாம். இத்தனையையும் கூட்டிக் குறைக்காமல் அவளிடம் சொன்னேன். மறுபடி எறிய முடியுமா என்று ஒரே கேள்வி கேட்டாள். முடியும் என்று நாக்கு நுனிவரை வந்தது. பெரும்பாலும் முடியும் என்கிறார் டாக்டர், ஆனால் உறுதி தரவில்லை, எனக்கும் தெரியாது என்றேன்.

நீ லீவு போட்டு ஓடி வராதே, செவ்வாய் சாயங்காலம் அவளுக்கு ஒரு போன் போடு. இது அக்கா தங்கைக்குத் தொடர்ந்து வருவதில்லையாம், ஆனாலும் உனக்கு எங்காவது வலித்தால் என்னிடம் சொல்லிக்கொண்டிருக்காமல் நேராக டாக்டரிடம் போ. ஆயுளும் எலும்பு பலமுமாக நூறு வருஷம் இரு. அப்பா, புதன்கிழமை நான் மயங்குகிற வரைக்கும் நீதான் என்கூட இருக்கணும், அம்மா வந்தால் அழும் என்று சின்னவள் சொல்லிவிட்டாள். அழப்போவது யார் என்று உன் அம்மாவுக்குத் தெரியும், அதனால் கைக்குட்டை இரண்டு எடுத்து வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா