கிடந்த கோலத்தில் ஆன்டெனா

பிப். 9, திங்கள்
காலையில் பனி, பத்து மணிக்கே வெயில். கரண்ட் பில் கட்டியாச்சு. மந்தைவெளியில் காய்: அவரை, கொத்தமல்லி. இஞ்சி மறதி.

மாலை வழக்கம்போல் ரேடியோ செட் முன்னால். தம்பி முரளி பாய்மரப் படகில் அந்தமானிலிருந்து தனியாக வந்துகொண்டிருக்கிறான். கரையை விட்டால் செல்போன் கிடையாது, இந்த ரேடியோ ஒன்றுதான். இன்று அவன் குரல் இல்லை. ஒரே கர்ர்ர். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

பிப். 10
இன்றும் கர்ர்ர். கடலில் காற்று பலம் என்று டிவியில். சோறு இறங்கவில்லை. மைக்கில் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகு அழுகை. பயமாக இருக்கிறது.

பிப். 11
புத்தி இன்றுதான் வேலை செய்தது. இரைச்சல் கடலில் இல்லை, எங்கள் கட்டடத்தில். பாக்கெட் ரேடியோவுடன் படி இறங்கினேன். முதல் மாடி, செல்வி அக்கா வீட்டு வாசலில் அதே கர்ர்ர், காது கிழிந்தது. சண்டை போடும் வேகத்தில் மணி அடித்தேன்.

உள்ளே அவள் வீட்டுக்காரர் கட்டிலில், மூக்கில் குழாய். பக்கத்தில் புது ஆக்சிஜன் மெஷின்.

"திங்கக்கெழம வந்துச்சு. இது ஓடினாத்தான் அவருக்கு மூச்சு. இன்னாம்மா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

"உறைமோர் இருக்குமா அக்கா?"

கிண்ணத்துடன் மேலே வந்தேன். வீட்டில் பாத்திரம் நிறையத் தயிர்.

பிப். 12
தூக்கமில்லை. யோசித்ததில்: மெஷின் இரைச்சல் பெரும்பாலும் செங்குத்து அலை. என் ஆன்டெனாவும் செங்குத்து. நல்ல ஜோடிப் பொருத்தம்! முரளி குரலோ வானத்தில் பட்டுப் புரண்டு வருவது, ஆன்டெனா நின்றாலும் கிடந்தாலும் அதற்கு ஒன்றுதான். மொட்டைமாடியில் ஆன்டெனா கம்பியைப் படுக்கைவாட்டில் கட்டினேன், தண்ணீர்த் தொட்டி முதல் டிஷ் கம்பம் வரை. பெருமாள் கிடந்த கோலத்திலும் அருள்கிறாரே.

வாட்ச்மேன்: "இன்னா மேடம், கொடி இம்மாம் ஒசரத்துல கட்டிகினு கீறீங்க? துணி எப்டி போடுவீங்கோ?"

மாலை. செட்டைப் போட்டேன். கர்ர்ர் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. அடியில் முரளி! நான் இன்னும் கூப்பிடவே இல்லை, அவனாகப் பேசிக்கொண்டிருக்கிறான்.

"...அழாதக்கா. நீ பேசறதெல்லாம் இங்க தெளிவா கேக்குது. நான் பேசறதுதான் உனக்கு வரல போல. பரவால்ல, நேத்து சொன்னதையே இன்னிக்கும் சொல்றேன். படகு நல்லா இருக்கு. நான் நல்லா இருக்கேன். நீ சாப்பிடு. என்ன, சாப்பிடுறியா?"

மைக் பட்டனை அழுத்தினேன். "தயிர்சாதம்டா, இப்பவே சாப்பிடறேன்" என்றேன்.