அப்பா மூடிய தீவனக் குழி

டாக்குரியா, கொல்கத்தா

அம்மாவுக்கு, வானதி வணங்கி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். இந்த ஊர்ச் சாப்பாடும் பழகிவிட்டது.

நேற்று ஆய்வகத்தில், மாட்டுத் தீவனத்துக்காக நாற்பத்தைந்து நாளாகக் காற்றுப் புகாமல் அடைத்து வைத்திருந்த சோளத்தட்டு ஜாடிகளைத் திறந்தோம். வெறுமனே அடைத்தது பூசணம் பிடித்து நாறியது. வெல்லக் கரைசல் தெளித்து அடைத்ததோ பழம்போலப் புளித்து மணத்தது. முகர்ந்ததும் கண் கலங்கிவிட்டது. "கீ ஹோலோ?", என்ன ஆச்சு என்று என்னுடன் வேலை செய்யும் மிதாலி தீதி பதறினார். புளிப்பு நெடி ஏறிவிட்டது என்று சமாளித்தேன். அவ்வளவுதான், கவலைப்படாதீர்கள்.

நான் போனில் சொன்னதைக் கேட்டுத்தான் அப்பாவும் நம் தீவனக் குழியில் சோளத்தட்டை அடைக்கும்போது வெல்லம் கரைத்துத் தெளித்தார். "மாட்டுக்குப் பாயசமா அம்மிணி?" என்று சிரித்தார். குழியை மூடிய நாலாம் நாள் போய்விட்டார்.

"மேல போட்ட மண்ணுல அவரு மிதிச்ச தடம் இருக்குதே கண்ணு, எப்படிப் பிரிக்கறது?" என்று அழுதீர்கள். இப்போது சொல்கிறேன், பிரித்துவிடுங்கள். தீவனம் பக்குவமாகியிருக்கும். மாடுகள் எத்தனை நாள் வெறும் வைக்கோலைத் தின்னும்? தினமும் ஓர் ஓரத்திலிருந்து மட்டும் எடுத்து, உடனே தார்ப்பாயை இழுத்து மூடுங்கள். மழை வந்தால் தடம் எப்படியும் கரைந்துவிடும்.

முதலில் எடுப்பதில் ஒரு பிடியை எனக்குக் கூரியரில் அனுப்புங்கள். மணம் போகாமல் பையை இறுக்கிக் கட்டுங்கள்.

ஆய்வுக்குத்தான் அம்மா, வேறொன்றுமில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

வானதி