பொதுவில் விட்ட குரல்

ஆயர் குரோ,
18 ஆகஸ்ட் 2024

மகன் சுதர்ஷனுக்கு,

நான் நலம். நீயும் மருமகள் லக்ஷனாவும் நலமாகத்தான் இருப்பீர்கள். வாட்சாப்பில் நீ அனுப்பும் கட்டைவிரல் படத்திலிருந்து அதற்கு மேல் எதுவும் அறிய முடியவில்லை. அதனால் மின்னஞ்சலில் முறையாகக் கடிதம் எழுதுகிறேன். நீயும் முறையாகப் பதில் எழுது.

செப்டம்பர் 14, சனிக்கிழமை, இங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஒரு கூட்டம். மென்பொருளை எழுதி, அதன் மூலத்தையும் திறந்து வைத்து, யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறவர்களின் சந்திப்பு. நானும் போகிறேன். வேடிக்கை பார்க்க அல்ல.

ஜவுளிக்கடை அப்துல் கஃபாருக்குப் பார்வை போய்விட்டது. கைப்பேசிதான் அவருக்குத் தமிழ்ப் பத்திரிகை வாசிக்கிறது. "இது செய்தி வாசிக்கிதாம்மா, பசார்ல மீன் ஏலம் போடுதா?" என்று என்னிடம் கேட்டார். வாங்கிக் கேட்டேன். மரண அறிவித்தலையும் ஏலம்தான் போட்டது. அவர் மகள் அஃபீஃபா மென்பொருள் எழுதுகிறவள். நல்ல குரல் ஒன்று கிடைத்தால் அதைக்கொண்டு கைப்பேசிக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்து இலவசமாகப் பொதுவில் விடலாம் என்றாள்.

சொல்லின் கடைசியை விழுங்கியதற்காகக் கான்வென்டில் முட்டிக்கால் போட்டவள் நான். வீட்டில் என் அப்பா தமிழுக்கும் அதே சட்டம் வைத்திருந்தார். குரல் கொடுத்தேன். கடையின் பின்னறையில் துணிக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து பல வாரங்கள் வாசித்தேன். துணி எதிரொலியை உறிஞ்சிவிடுமாம். அவள் தந்த வாக்கியங்களில் பாதியைத் திருத்திய பிறகே வாசித்தேன்.

யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்கிற உரிமத்தில் கூட்டத்தில் நான் கையெழுத்திட்டால் குரல் வெளியாகும்.

அம்மா,
கனகாம்பிகை விஜயரட்ணம்


பெர்த்,
21 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

கட்டைவிரலுக்கு மன்னியுங்கள். வேலை அதிகம்.

வங்கியில் நான் மோசடிப் பிரிவில் இருக்கிறேன் என்பது உங்களுக்கு நினைவிருக்கட்டும். மோசடிக்காரர்கள் பிள்ளையின் குரலைப் போலிசெய்து பணம் கேட்டுப் பெற்றோரை அழைக்கிறார்கள், தாயின் குரலைப் போலிசெய்து பிள்ளையை அழைக்கிறார்கள். அவர்கள் குரலைத் திருட வேண்டியிருக்கிறது. நீங்களோ கதவைத் திறந்து எடுத்துக்கொடுக்கிறீர்கள். அந்த உரிமத்தில் ஒருமுறை கையெழுத்திட்டால் திரும்பப் பெறவே முடியாது. எந்த விளம்பரக்காரனும், எந்தக் கள்ளனும் உங்களைப் பேசவைக்கலாம்.

இன்னொன்று. நீங்கள் இல்லாத காலம் ஒன்று வரும். அன்று நான் ஏதோ ஒரு லிஃப்டில் நிற்கும்போது நீங்கள் மாடி எண் சொன்னால் நான் என்ன செய்வேன்?

கையெழுத்திடாதீர்கள். வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்துவிடுங்கள். எத்தனை வருடமாகக் கேட்கிறேன்.

அன்புடன்,
சுதர்ஷன்


ஆயர் குரோ,
24 ஆகஸ்ட் 2024

மகன் சுதர்ஷனுக்கு,

ஒழுங்கான கடிதம். மகிழ்ச்சி.

நீ சொன்ன ஆபத்தை அஃபீஃபாவிடம் கேட்டேன். அவள் மழுப்பவில்லை. "ஆமா ஆன்ட்டி, கெட்டவனும் எடுக்கலாம். விட்டா விட்டதுதான். வேணாம்னா சொல்லுங்க, எல்லாத்தையும் இப்பவே அழிச்சிடுறேன்," என்றாள். வீட்டுக்கு வந்து உரிமத்தை முழுவதும் வாசித்தேன். யோசித்தேன். முடிவு மாறவில்லை.

உன் அப்பா போன பிறகு வீட்டை உன் பெயருக்கு எழுதச் சொன்னாய், எழுதினேன். ஆயர் குரோவில் கார் இல்லாமல் கால் இல்லை என்று தெரிந்தும் காரை விற்கச் சொன்னாய், விற்றேன். இப்போது பால் வாங்கவும் வாடகைக் காருக்குக் காத்து நிற்கிறேன். என் பெயரில் மிஞ்சியிருப்பது இந்தக் குரல் ஒன்று. அதை யாருக்குக் கொடுப்பது என்று நான் யாரையும் கேட்பதாக இல்லை.

லிஃப்டில் நான் மாடி எண் சொன்னால், சரியான மாடியில் இறங்கு.

அம்மா,
கனகாம்பிகை விஜயரட்ணம்


ஆயர் குரோ,
15 செப்டம்பர் 2024

மகன் சுதர்ஷனுக்கு,

நேற்றுப் போய் வந்தேன்.

மேடை, மாலை, தலைவர் உரை எதுவும் இல்லை. மடிக்கணினிகளோடு மேசை மேசையாக உட்கார்ந்து, நாசி லெமாக் சோறு சாப்பிட்டபடியே சண்டை போடுகிறார்கள். ஒருவன் எழுதியதில் இன்னொருத்தி பிழை காட்டுகிறாள், அவன் நன்றி சொல்லித் திருத்துகிறான். எனக்குப் பிடித்திருந்தது.

ஒன்றை வெளியிடுமுன் அதற்கு இணையப் பக்கத்தில் வந்த ஆட்சேபங்களை எல்லோர் முன்னும் திரையில் போட்டுப் பதில் சொல்லி முடிப்பது அவர்கள் வழக்கம். என் குரலுக்கு ஓர் ஆட்சேபம் வந்திருந்தது. கூட்டத்தை நடத்திய தினேஸ்வரன் அதைப் பார்த்ததும் முகம் மாறினான்.

"ஆன்ட்டி, இத ஸ்கிப் பண்ணிடலாம் லா. அப்புறமா பேசிக்கலாம்."

"வாசி தம்பி. இல்லாட்டி நான் வாசிக்கிறன்," என்றேன்.

அவன் தயங்கினான். ஒலிவாங்கியை வாங்கி நானே வாசித்தேன், உன் பெயரோடு. நீ ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்: இவர் என் தாய். எழுபத்தாறு வயது. தனியாக வாழும் விதவை. மறதியும் குழப்பமும் உள்ளவர். எதைக் கொடுக்கிறோம் என்று விளங்காமல் கொடுக்கிறார். குடும்பம் சம்மதிக்கவில்லை.

நீ மோசடியைப் பற்றி எழுதியிருந்தால் அது நேர்மையான ஆட்சேபம். அதை எழுதாமல் என்னை எழுதினாய்.

உரிமத்தை எடுத்து, நான் எதைக் கொடுக்கிறேன், எது திரும்பி வராது, யார் அதைக் கெடுக்கக்கூடும் என்று ஒவ்வொன்றாக அவர்களுக்கு விளக்கினேன். அதிலிருந்த ஓர் ஆங்கிலப் பிழையையும் காட்டினேன். எனக்கு விளங்காத இடம் உண்டென்று யாராவது நினைத்தால் கேட்கலாம் என்றேன். யாரும் கேட்கவில்லை. கையெழுத்திட்டேன். உன் ஆட்சேபத்தின் கீழ் என் பதிலை எழுதி முடித்து வைத்தார்கள்.

அப்துல் கஃபார் வந்திருந்தார். அன்றைய மரண அறிவித்தலை என் குரலில் கேட்டுவிட்டு, "இப்பத்தாம்மா செத்தவருக்கு மரியாத," என்றார்.

அம்மா,
கனகாம்பிகை விஜயரட்ணம்


பெர்த்,
19 செப்டம்பர் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

வங்கியில் புகார் எழுதினால் அது உள்ளே யாரோ ஒருவரின் மேசைக்குப் போகும். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். உலகமே பார்க்கும் பக்கம் என்று தெரியவில்லை. உங்களைக் குழப்பமானவர் என்றால்தான் நிறுத்துவார்கள் என்று எழுதினேன். பிழைதான். என் அலுவலகத்திலேயே ஒருவர் அதைப் பார்த்துவிட்டார். தயவுசெய்து அழிக்கச் சொல்லுங்கள்.

ஆனால் என் பயம் பிழையில்லை. உங்கள் குரலைப் பதிவிறக்கி, இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். தேநீர் ஆறுவதற்குள் பேசிவிட்டது. இணைத்திருக்கிறேன், கேளுங்கள். "தம்பி, நான் செய்தது பிழை. வீட்டைப் பூட்டிவிட்டேன். பெர்த்துக்கு வருகிறேன்."

லக்ஷனா கேட்டுவிட்டு அறையை விட்டு எழுந்து போனாள். நான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

சுதர்ஷன்


ஆயர் குரோ,
22 செப்டம்பர் 2024

மகன் சுதர்ஷனுக்கு,

அழிக்க முடியுமா என்று தினேஸ்வரனிடம் கேட்டேன். முடித்து வைத்ததை அங்கே அழிப்பதில்லையாம். அழித்தால் என் பதிலும் சேர்ந்து போகும். நான் வற்புறுத்தவில்லை. என் குரலை நான் திரும்ப வாங்க முடியாது, உன் சொல்லை நீயும் வாங்க முடியாது. இருவரும் பழகிக்கொள்வோம்.

நீ அனுப்பியதைக் கேட்டேன். உச்சரிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூச்சு எடுக்கும் இடம்கூட என்னுடையதுதான். ஒரு கணம் நானே இணங்கிவிட்டேனோ என்று இருந்தது. நீ திரும்பத் திரும்பக் கேட்டாய் என்று வாசித்தபோது கோபம் கொஞ்சம் இறங்கியது. கொஞ்சம்தான்.

ஆனால் நீ ஏமாறவில்லை, சுதர்ஷன். ஏமாந்திருந்தால் என்னை அழைத்துப்போக விமான நிலையத்துக்கல்லவா போயிருப்பாய்.

அந்தக் குரலில் இருக்கிறவளை நீயே வைத்துக்கொள். உனக்கும் சேர்த்துத்தான் கொடுத்தேன். மறுத்துப் பேசத் தெரியாதவள். நீ எழுதிக் கொடுத்தால் மன்னிப்புக் கேட்பாள், வீட்டைப் பூட்டுவாள், பெர்த்துக்கும் வருவாள்.

நான் வரமாட்டேன்.

அம்மா