அப்பாவின் பல்செட்

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்த அர்த்த ராத்திரியில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. உன் முழங்கால் வலி தேவலையா? நானும் பாப்பாவும் நன்றாக இருக்கிறோம்.

எங்கள் ஆபீசில் நாடு முழுக்க யார் எதனால் இறந்தார்கள் என்று கம்ப்யூட்டரில் ஏற்றுகிறோம் அல்லவா, அதில் மாரடைப்புக்கு அடுத்தபடியாக நான் அதிகம் தட்டுவது பக்கவாதம்தான். தட்டித் தட்டி அது வெறும் சொல்லாகிவிட்டது. நேற்று எங்கள் ஆபீஸ் மிமிக்ரி அண்ணன் திடீரென்று வாய் குழறிப் பேசினார். மேனேஜரைப் போலப் பேசிக்காட்டுகிறார் என்று எல்லாரும் சிரித்தோம். “இன்னொரு தடவை அண்ணே!” என்று நானே கைதட்டினேன். அவர் கையிலிருந்த டீ டம்ளர் நழுவி விழுந்த பிறகுதான் அது பக்கவாதம் என்று உறைத்தது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் பிழைத்துக்கொண்டார், பயப்படாதே.

ஆனால் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போன ஞாயிறு போனில் அப்பாவுக்கும் பேச்சு குழறியதே! “பல்செட்டைக் கழட்டி டம்ளர்ல போட்டு வச்சிருக்கேம்மா. பொக்கைவாய்க்காரன்கிட்ட என்ன சுத்தத் தமிழா எதிர்பார்க்கிற?” என்றார். அன்றும் சிரித்தேன். அவரிடம் கேட்டால் மறுபடியும் சிரிக்க வைத்துவிடுவார், அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். கண் விழித்ததும் இதைப் போனில் பார்ப்பாய். அவர் என்ன சாக்குச் சொன்னாலும் கேட்காமல் உடனே டாக்டரிடம் கூட்டிப் போ.

உன் பழைய சேலை ஒன்று அனுப்பு. பாப்பா போர்வையில் தூங்க மாட்டேன் என்கிறாள். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. இதோ சிணுங்குகிறாள், நிறுத்துகிறேன்.

அன்று பல்செட் உண்மையிலேயே டம்ளரில்தான் கிடந்ததா அம்மா? சீக்கிரம் பதில் போடு.