பதினாறாவது பெண்ணின் ஒன்ஸ்மோர்

1934 ஏப்ரல் 9, ஹார்லெம், நியூயார்க்

இன்றும் ரொம்ப நன்றாகத் தப்பாக ஆடினேன். பதினைந்து பேர் வலது காலைத் தூக்கும்போது நான் இடதைத் தூக்கி, பக்கத்துப் பெண்ணின் இடுப்பைப் பிடித்துத் தொங்கி, திருதிருவென்று விழித்து — கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பிறகு வழக்கம்போல ஒன்ஸ்மோர். அதில் மட்டும் நான் காலை அவிழ்த்துவிட்டு நிஜமாகவே ஆடலாம். சிரித்தவர்களெல்லாம் வாயைப் பிளந்தார்கள். இந்த ஊர் மேடைகளில் வரிசையின் கடைசிப் பெண்ணுக்கு இதுதான் வேலை. முதலில் கோமாளி, அப்புறம் ராணி. ஆறு வருஷமாகியும் எனக்கு அலுக்கவில்லை.

ஏப்ரல் 12

சினிமாக்காரர்கள் வருகிறார்கள்! எங்கள் ஆட்டத்தை அப்படியே படம் பிடிக்கப் போகிறார்களாம். பத்து நிமிஷப் படம். ஊர் ஊராகப் போகும். தெற்கே எங்கள் ஊர் சவானாவுக்கும் போகும்.

சவானாவில் அம்மா இருக்கிறாள். நான் ஆடி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. "காலை ஆட்டிப் பிழைக்கிறதுக்கு நாலு வீட்டுத் துணி துவைக்கலாம்டி" என்று சொல்லி அனுப்பியவள். சர்ச்சில் யாராவது கேட்டால், நியூயார்க்கில் ஏதோ வேலை என்று முடித்துவிடுவாளாம். இப்போது பார்க்கட்டும்.

மே 3

ஒத்திகை. டைரக்டர் கெஸ்லர் எங்கள் கொட்டகைக்கே முதல் தடவையாக வருகிறவர். நான் நாலு அடி தப்பாக வைத்ததுமே நிறுத்தச் சொன்னார். "அந்தக் கடைசிப் பொண்ணுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? வேற ஆளப் போடுங்க!"

எல்லோரும் உருண்டு புரண்டு சிரித்தோம். எங்கள் வரிசைத் தலைவி வெர்லீன்தான் எடுத்துச் சொன்னாள். "சார், அவ தப்பா ஆடல. தப்பா ஆடுற மாதிரி ஆடுறா." கெஸ்லர் தலையாட்டினார். சிரிப்பு இருக்கட்டும், ஆனால் ஒன்ஸ்மோர் வேண்டாம், படத்துக்கு நேரம் போதாது என்றார்.

என் சிரிப்பு அதோடு நின்றது.

மே 4

மேடையில் இன்று உளறினால் நாளை சரியாக ஆடிக்கொள்ளலாம். படத்தில்? தப்பு தப்பாகவே நின்றுவிடுமே! அம்மா பார்ப்பாள். இவளுக்கு இதுகூட வரலையேன்னு நினைப்பாளே. ஐயோ, நான் விலகிடட்டுமா?

வெர்லீனிடம் கேட்டேன். "போடி பைத்தியம். நான் ஹோசியாகிட்டப் பேசுறேன்" என்றாள். ஹோசியா டிரம்ஸ் வாசிப்பவர். இதில் அவரிடம் பேச என்ன இருக்கிறது?

மே 5

காலை பத்து மணி. காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஆடினோம். கோமாளித்தனம் முடிந்தது. கெஸ்லர் "கட்" என்றார். ஹோசியா நிறுத்தவில்லை. மறுபடியும் "கட்!" மனுஷன் வாசித்துக்கொண்டே, "என்ன சார்? சத்தத்துல ஒண்ணும் கேக்கல!" என்று கத்துகிறார். பாவி! பதினைந்து பெண்களும் சிலை மாதிரி நின்றுவிட்டார்கள். வெர்லீன் என் முதுகில் கை வைத்து ஒரே தள்ளு.

ஆடினேன். என்ன ஆடினேன் என்று கேட்டால் தெரியாது. குதிகால், நுனிக்கால், ஒரு சறுக்கல், மறுபடி குதிகால் — நடுவில் டிரம்ஸ் ஒதுங்கிக்கொண்டது, என் செருப்படியில் அடித்திருக்கும் லாடத்தின் சத்தம் மட்டும் கொட்டகை முழுக்க. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததே இல்லை.

கேமராக்காரர் தலையை நீட்டி, "சார், நான் நிறுத்தல. மன்னிச்சுக்குங்க" என்றார். கெஸ்லர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் வைப்பாரா?

ஜூன் 20

ஒரு தகவலும் இல்லை.

ஆகஸ்ட் 18

வந்துவிட்டது! லெனாக்ஸ் அவென்யூ தியேட்டரில் மதியக் காட்சி. பதினாறு பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். என் கோமாளித்தனம் முடிகிற இடத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

என் கால் சத்தம் கேட்டது.

வைத்திருக்கிறார்! முழுசாக! 'கட்' என்ற சத்தத்தைத்தான் கட் பண்ணியிருக்கிறார்கள். கூட்டம் தரையை உதைத்தது. "திரும்பப் போடுய்யா!" ஆபரேட்டரும் திரும்பப் போட்டார். பின்னால் ஒரு பெண்மணிக்கு மட்டும் மனக்குறை. "இந்தப் பொண்ணு முதல்லயே ஒழுங்கா ஆடியிருக்கலாம்ல?"

அழுதுகொண்டே சிரித்தேன்.

அக்டோபர் 2

அம்மாவின் கடிதம்: "படம் பார்த்தேன். மூணு தரம். பாஸ்டர் வந்து, அது உன் மகதானேன்னு கேட்டார். ஏதோ சாயல் இருக்கு, அவ்வளவுதான்னு சொல்லிட்டேன். சினிமாவே பாவம்ங்கிற அந்த மனுஷன் அதை எங்கே பார்த்தார்னு அப்புறம்தான் யோசிச்சேன்."

நவம்பர் 24

வாசல் பலகையில் 'ஒடெசா டாலிவர்' என்று என் பெயர். தனி ஆட்டம், இன்றோடு இரண்டாவது வாரம். மதியக் காட்சிக்கு அம்மா வந்திருந்தாள், சவானாவிலிருந்து ரயிலேறி. ஆடிக்கொண்டே திரும்புகிறேன், மூன்றாவது வரிசையில் சர்ச்சுக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு உட்கார்ந்திருக்கிறாள். நிஜமாகவே கால் தடுக்கிவிட்டது. அதுவும் என் சேஷ்டை என்று நினைத்து அரங்கமே கைதட்டித் தள்ளியது. அம்மா மட்டும் கைதட்டவில்லை. நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

ஆட்டம் முடிந்து மேடைக்குப் பின்னால் வந்தவள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அத்தனை பேருக்கு முன்னால் தரையில் மண்டியிட்டு என் செருப்பைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"எந்தக் கால்டி?" என்றாள்.